பக்கத்துக்கு ஐயாயிரம்

"பக்கத்துக்கு ஐயாயிரம்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். நன்றாக வரவில்லை. ஐயாயிரத்துக்கு வரும்போது கைமாற்று கேட்பவளைப் போலக் குரல் கீழே இறங்கிவிட்டது. மறுபடி சொன்னேன். இப்போது சத்தம் கூடிப்போய், குழாயடிச் சண்டைக்குக் கிளம்புகிறவள் மாதிரி ஆகிவிட்டது.

"யாருகிட்டடி பேசிட்டிருக்க?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்லம்மா. விலை சொல்லிப் பழகுறேன்."

"எதை விக்கப் போற?"

எழுத்தைத்தான். வெப்சைட்டுக்கு எழுதித் தருவது என் தொழில். நீங்கள் போனில் ஒரு கடையையோ கிளினிக்கையோ தேடித் திறக்கும்போது "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் வருகிறதே, யாரும் எழுதாமல் தானே முளைத்தது போல நிற்குமே, அதை எழுதுவது என்னைப் போன்ற ஒருத்திதான். நாற்பது வயது, சாந்தோமில் அம்மாவோடு ஒரு வாடகை வீடு, ஒரு பழைய லேப்டாப். இவ்வளவுதான் கம்பெனி.

அதற்கு முன்னால் தேனாம்பேட்டையில் ஒரு நிஜ கம்பெனியில் இருந்தேன். மாதம் இருபத்திரண்டாயிரம் சம்பளம். நான் படுத்தே பார்க்காத மெத்தைகளைப் பற்றியும், கால் வைக்காத ஊர்களின் ஓட்டல்களைப் பற்றியும் அங்கே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே எழுத வேணாம்மா. மெஷின் எழுதிடும். நீ அதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தாப் போதும்" என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்ப மெஷினையே சரி பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 

வந்து மாதங்கள் ஓடிவிட்டன. அம்மாவின் பென்ஷனில் குடும்பம் நடந்தது. ரிட்டயர்டு டீச்சரான அவளுக்கு, காலையில் கையெழுத்துப் போட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால்தான் அது வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது பெண்கள் யாராவது, "பொண்ணு என்ன பண்றா டீச்சர்?" என்று கேட்டால், "லீவு போட்டிருக்கா" என்பாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொன்ன வாய் அது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த வாரம் பழைய மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. எனக்குப் பதிலாக எடுத்த ஆள் வேலையை விட்டுவிட்டாராம். திங்கட்கிழமை வந்தால் என் சீட் எனக்கே, இல்லாவிட்டால் வேறு ஆள். அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமைக்கு டிபன் என்ன கட்டணும்னு முன்னாடியே சொல்லிடு" என்றாள்.

அப்போதுதான் எனக்குள் ஒரு வீம்பு வந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு வேலை, நான் சொன்ன விலைக்கு, ஒரு ரூபாய் குறையாமல் கிடைத்துவிட்டால் அந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டேன். கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு போய் மெஷினுக்குத் திருத்தம் போட வேண்டியதுதான்.

ஏன் ஐயாயிரம் என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம் எழுதுவது மட்டுமில்லை. அவர்கள் இடத்துக்குப் போக வேண்டும். பேச விட வேண்டும். பேசும்போது அவர்கள் முக்கியம் என்று நினைப்பதை ஓரமாக வைத்துவிட்டு, போகிற போக்கில் உளறுவதைப் பிடிக்க வேண்டும். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, "என் மச்சானுக்குப் பிடிக்கல" என்று அவர்கள் சொன்னால் இன்னொரு தரம் எழுத வேண்டும். எல்லாம் கூட்டிக் கழித்து நான் வந்து நின்ற இடம் ஐயாயிரம். சரியான விலைதான். அதை வாயால் சொல்வதில்தான் சிக்கல்.

அதுவரை எனக்கென்று வந்த வேலை ஒன்றே ஒன்று, அடையாறில் ஒரு பல் டாக்டருக்கு எழுதியது. "எவ்வளவும்மா?" என்று அவர் கேட்டதும் விலையைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். பாவம், ஏதோ யோசித்திருப்பார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. "நாலு வேணாலும் குடுங்க சார்" என்றேன். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "இல்ல, ரெண்டரை போதும்" என்று நானே முடித்துவைத்தேன். அவர் ஒரு தடவைகூடப் பேரம் பேசவில்லை. என்னோடு பேரம் பேசி என்னைத் தோற்கடித்தது நானேதான்!

இன்னொரு கூத்து தி.நகரில் ஒரு புடவைக் கடையில். "சாம்பிள் ஒண்ணு எழுதிக் குடுங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். ராப்பகலாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் என் வரிகள் கமா மாறாமல் அவர்கள் வெப்சைட்டில் உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு எடுத்த சபதம், இனி யாருக்கும் சாம்பிள் கிடையாது.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை அந்தப் போன் வந்தது. மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் காண்டிராக்டர். பல் டாக்டரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். "அவசரமா வர முடியுமா மேடம்? ஒரு விபரீதம் நடந்துடுத்து" என்றார். விபரீதம் என்றதும் எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. கடை நல்லபடியாக நடக்கும்போது எவரும் எழுத்தாளரைத் தேடுவதில்லை.

மாடவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய ஆபீஸ். ஒரு மேஜை, சுவர் நிறைய முகூர்த்தக் காலண்டர்கள், மூலையில் அடுக்கிய வாழை இலைக் கட்டுகள். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நெற்றியில் விபூதி, காதோரம் போன்.

"உக்காருங்கோ. இதைப் படிச்சுப் பாருங்கோ" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

அவருடைய வெப்சைட். மேலே பிள்ளையார் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: "எங்கள் கைவண்ணத்தில் மணமணக்கும் மட்டன் பிரியாணியும் மொறுமொறு மீன் வறுவலும் உங்கள் இல்லத் திருமணத்தை மறக்க முடியாததாக ஆக்கும்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"என் மருமான் பண்ணிக் குடுத்தான். கம்ப்யூட்டரே எழுதித் தரும் மாமா, காலணா செலவில்லேன்னான். நானும் மேலாப்ல பாத்தேன், பிள்ளையார் நன்னா இருந்தார், சரின்னுட்டேன். திருவான்மியூர்ல ஒரு மாமி, அவாத்துப் பூணூலுக்கு அட்வான்ஸ் குடுத்தவா, போன் பண்ணி என்ன கேட்டா தெரியுமோ? 'ஏம்ப்பா, மீன் வறுத்த வாணலியிலயா எங்காத்து அப்பளம் பொரிக்கப் போறே?'ன்னா. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிண்டுட்டா. இப்போ மயிலாப்பூர் பூரா இதே பேச்சா இருக்கு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை. முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் வஞ்சிரம் வறுத்திருந்தோம். அந்த வாயால் அவர் முன்னால் சிரிக்கலாமா என்று வேறு பயம். நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார். இலவசமாகக் கிடைத்த எழுத்துக்கு அவர் ஒரு பூணூலையே விலையாகக் கொடுத்திருக்கிறார். என் ஐயாயிரத்துக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார் என்று எனக்குள் துள்ளிக் குதித்தேன்.

"என்ன ரேட் மேடம்?" என்றார்.

இதோ வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் அத்தனை தடவை சொன்னது. வாயைத் திறந்தேன். "முதல்ல வேலையைப் பத்திப் பேசிடுவோம் சார்" என்று வந்தது. எனக்கே என்னைக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

"சரி, ஒரு சாம்பிள் எழுதிக் குடுங்கோ."

"சாம்பிள் எழுதறதில்ல சார்." இது மட்டும் வெட்டுக்கத்தி மாதிரி வந்தது. புடவைக் கடைக் கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்திருக்க வேண்டும். அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"அப்போ எதை நம்பி வேலையைக் குடுக்கறது?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை தி.நகர்ல ஒரு முகூர்த்தம் இருக்கு. வந்து சாப்பிடுங்கோ. என் சாப்பாடு தெரியாம என்னைப் பத்தி எப்படி எழுதுவேள்? மத்ததை அங்க பேசிக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அம்மாவின் அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு, யாரென்றே தெரியாதவர்களின் கல்யாணத்துக்குப் போனேன். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். "பையன் சைடா, பொண்ணு சைடா?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு, "சமையல் சைடு" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

கடைசிப் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அடையாறிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாள் என் காதோரம் சாய்ந்து, "நீங்களும் சாம்பிளா?" என்றாள்.

முதலில் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். தை மாதம் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம். காண்டிராக்டரை முடிவு செய்வதற்கு முன் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக அவர் நடத்தும் வேறொரு கல்யாணத்துக்கு வரச் சொல்லிக் கடைசிப் பந்தியில் இலை போடுவார். ஊரில் எல்லாக் காண்டிராக்டர்களும் இப்படித்தானாம். கண்ணை ஓட்டினேன். அதே வரிசையில் இன்னும் சிலர் இருந்தார்கள். சாம்பிள்காரர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் மணமேடையைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட, இவர்கள் இலையையே முறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். என் பக்கத்துக்காரர் வடையைப் பிட்டுக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். அவர் மனைவி ரசத்தை முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். பாஸ் என்று அர்த்தம் போலிருக்கிறது.

சாப்பாடு? என்ன சொல்ல! மோர்க்குழம்பும் பருப்பு உசிலியும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல் இருந்தன. அக்காரவடிசலை மூன்று தடவை கேட்டு வாங்கினேன், வெட்கமில்லாமல். இந்தக் கையை மட்டன் பிரியாணிக்காரன் என்று ஒரு மெஷின் எழுதிவிட்டதே என்று எனக்கே ஆத்திரம் வந்தது. மனதுக்குள் முதல் வரி ஓட ஆரம்பித்துவிட்டது. நல்ல வேலை கிடைக்கும்போது அப்படித்தான், கை பரபரக்கும், கழுவக்கூட நேரமிருக்காது.

கை கழுவிவிட்டுப் பின்பக்கம் போனேன். சமையற்கட்டில் பெரிய அடுப்புகளின் இரைச்சல். மாலை டிபனுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஆட்களோடு காண்டிராக்டரும் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"இலைக்கு இவ்வளவுங்கற ரேட்ல கை வைக்க மாட்டேன் சார். அது முடியாது. வேணும்னா ஒரு ஐட்டத்தை எடுத்துடறேன். பாதாம் அல்வாவை எடுத்துடட்டுமா? ... வேணுமா? சரி, அவியல்? ... அதுவும் வேணுமா? அப்போ எல்லாமே இருக்கட்டுமே சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படி இருந்தது?"

"அக்காரவடிசல்ல விழுந்துட்டேன் சார். இன்னும் எழுந்திருக்கல."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் ஆள் தொழில்காரர். "என் சாம்பிளைச் சாப்ட்டாச்சு. உங்க சாம்பிள் எங்கே?" என்றார்.

மாட்டிக்கொண்டேன். ஓசியில் மூன்று தடவை அக்காரவடிசல் சாப்பிட்டுவிட்டு, சாம்பிள் கொடுக்க மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சபதத்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அந்த அடையாறு அம்மாள் சொன்னது உறைத்தது.

"சார், இந்தச் சாப்பாட்டை எனக்காகவா சமைச்சீங்க?"

"அதெப்படி? கல்யாணத்துக்குச் சமைச்சது. அதுல உங்களுக்கு ஒரு இலை."

"பொண்ணு வீட்டுக்காரங்க காசு குடுத்த சாப்பாடு. சாம்பிளுக்குன்னு தனியா நீங்க அடுப்பு பத்த வைக்கறதில்ல. நானும் அப்படித்தான் சார். சாம்பிளுக்குன்னு தனியா எழுத மாட்டேன். ஆனா இன்னொருத்தர் காசு குடுத்து நான் எழுதினது இருக்கு. அந்தப் பந்தியில உங்களுக்கு ஒரு இலை போடறேன், சாப்பிட்டுப் பாருங்க."

 அவர் மாவுக் கையோடு ஹோவென்று சிரித்தார். "பேஷ்! போடுங்கோ இலையை."

 அவசரமாக போனில் பல் டாக்டரின் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "கையெல்லாம் மாவு மேடம். படியுங்கோ, கேக்கறேன்" என்றார்.

"சார், இது ரூட் கெனால் பத்தினது."

"எதா இருந்தா என்ன? உப்பு இருக்கான்னுதானே பாக்கணும்."

ஆக, ஒரு கல்யாணச் சமையற்கட்டின் நடுவில், பட்டுப்புடவையோடு நின்று, ரூட் கெனால் சிகிச்சையைப் பற்றி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்கள். ஐஸ் வாட்டரைக் கண்டால் ஒதுங்குகிறீர்கள். ராத்திரி கன்னத்தில் கை வைத்துப் படுத்து, காலையில் வலி குறைந்ததும், 'அதான் சரியாகிவிட்டதே' என்று உங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள். பயம் எங்களுக்குத் தெரியும். வலியைவிட அந்த மெஷின் சத்தம்தான் உங்களைத் தடுக்கிறது. முதலில் மரத்துப்போக ஊசி போடுவோம். மரத்துவிட்டதா என்று உங்களைக் கேட்போம். நீங்கள் 'ம்' சொன்ன பிறகுதான் மெஷினைத் தொடுவோம். நடுவில் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம். எத்தனை தடவை தூக்கினாலும் நிறுத்துவோம்."

படித்துக்கொண்டே போனபோது பின்னால் ஏதோ சத்தம் நின்றுபோனதை உணர்ந்தேன். அண்டா தேய்க்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால், அண்டாக்களைத் தூக்கிக் கழுவும் ஆள், பட்டினப்பாக்கத்துக்காரர், நல்ல ஆஜானுபாகு, நார் கையில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். மற்ற கை கன்னத்தில்.

"எக்கா, இது யாரு கதை?" என்றார்.

"கதை இல்லண்ணே. பல் டாக்டரைப் பத்தி."

"என் கதையாட்டம் கீதே எக்கா! மூணு மாசமா இந்தப் பக்கமே வச்சி மென்னுகினு கீறேன். அந்த மிசின் சவுண்டு கேட்டா எனுக்குக் குலையே நடுங்குது. கையத் தூக்குனா மெய்யாலுமே நிறுத்திடுவாரா அவரு?"

"நிறுத்துவார். நானே உக்காந்து பாத்துட்டுத்தான் எழுதினேன்."

"எங்க கீறாரு அவரு?"

பக்கத்தின் கீழே நம்பர் இருக்கிறது, அதைத் தொட்டால் போன் போய்விடும் என்றேன். அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினார். தொட்டார். மறுமுனையில் ரிசப்ஷன் பெண் எடுத்ததும், "யம்மா, கையத் தூக்குனா நிறுத்துற டாக்டருதானே? நாளைக்கு வரலாமா?" என்று கேட்டு, அங்கேயே சனிக்கிழமை காலைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

சமையற்கட்டே பார்த்துக்கொண்டிருந்தது. காண்டிராக்டர் பிசைவதை நிறுத்திவிட்டார். "மூணு மாசமா நான் தலைபாடா அடிச்சிண்டேன், அசையலை இவன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் எழுதியதில், என் வரிகளைக் கேட்டு ஒருவர் உடனே ஏதாவது செய்வதை நான் பார்த்ததே இல்லை. மெத்தை கட்டுரைகளை யார் படித்தார்கள், என்ன செய்தார்கள், கடவுளுக்கே வெளிச்சம்.

காண்டிராக்டர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். தட்டிலிருந்து ஒரு பெரிய பீடாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். கன்னம் புடைத்துவிட்டது.

"இப்போ சொல்லுங்கோ. என்ன ரேட்?"

பீடாவை ஒரு பக்கமாக ஒதுக்கி, "பக்கத்துக்கு ஐயாயிரம். அஞ்சு பக்கம்" என்றேன். குழறலாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது!

அவர் பேசவில்லை. கீழே பார்த்தார். அதே மௌனம். ஜன்னலைப் பார்த்த டாக்டரின் மௌனம். என் நாக்கு நுனியில் 'நாலு' தயாராக நின்றது. சொல்லியும் இருப்பேன். ஆனால் வாய் நிறையப் பீடா. குல்கந்து தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. திறந்தால் பட்டுப்புடவை பாழ். வேறு வழியில்லாமல் மென்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, ரொம்பக் கறாரான பொம்பளை என்று நினைத்திருப்பார்.

கடைசியில் அவர்தான் பேசினார். "கொஞ்சம் பாத்துப் போட்டுக்கப்படாதா?"

விழுங்கினேன். "ரேட்ல கை வைக்க மாட்டேன் சார். வேணும்னா ஒரு ஐட்டத்தை எடுத்துடறேன்."

அவர் கண் பெரிதாகியது. நான் போன் பேச்சைக் கேட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டார். "சரி, எதை எடுப்பேள்?" என்றார், விளையாட்டு பிடித்துப்போனவராக.

"'எங்களைப் பற்றி' பக்கத்தை எடுத்துடலாமா?"

"அதுலதானே இந்தத் தொழிலை ஆரம்பிச்ச எங்கப்பா வர்றார். அது இருக்கணும்."

"சாப்பாட்டுப் பட்டியல்?"

"அது இல்லாம சமையல்காரனுக்கு என்ன வெப்சைட்?"

"பூணூல், சீமந்தம் பக்கம்?"

"போன பூணூலைத் திரும்பப் பிடிக்கணுமே!"

"கேள்வி பதில் பக்கத்தை எடுத்துடறேன். ஆனா 'மீன் வறுத்த வாணலியா?'ங்கற கேள்விக்குப் பதில் அதுலதான் வரும்."

"ஐயோ, அது முதல்ல வரட்டும்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அண்டா அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எல்லா ஐட்டமும் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

அவர்கள் தொழிலில் வெறும் கையால் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. பாக்குமட்டைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து, போனிலேயே பாதிப் பணத்தை அனுப்பிவிட்டு, தட்டில் ஒரு ரூபாய் காசையும் வைத்தார். "இத்தனை நாள் இதை நான் வாங்கிண்டுதான் பழக்கம். இன்னிக்குக் குடுக்கறேன். வாங்கிக்கோங்கோ" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாதா மாதம் பேங்குக்குச் சம்பளம் வந்திருக்கிறது. இப்படி ஒருவர் எதிரில் நின்று கொடுத்து நான் வாங்கியதில்லை.

வெளியே வந்ததும் மண்டபத்து வாசலிலேயே நின்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினேன். "திங்கட்கிழமை வரவில்லை. நன்றி." அவ்வளவுதான். பனகல் பார்க் வரைக்கும் ஆட்டோ பிடிக்காமல் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது, பட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது, துணிக்கடைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. நான் பாட்டுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு, கையில் வெற்றிலைத் தட்டோடு நடந்தேன். பார்த்தவர்கள் ஏதோ நிச்சயதார்த்தத்திலிருந்து வருகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"இருபத்தஞ்சாயிரம்."

"மாசத்துக்கா?"

"இல்லம்மா. அஞ்சு பக்கத்துக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். "பக்கம்னா எத்தனை வரி இருக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். உதடுகள் அசைந்தன, டீச்சர் கணக்குப் போடுகிறாள். உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேலைக்குப் போ என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். சனிக்கிழமை முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திங்கட்கிழமை டிபனைப் பற்றியும் கேட்கவில்லை. நான் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என் அறை வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் வாசலில் வழக்கமான கும்பல். அம்மாவோடு முன்பு அதே பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "லீவு இன்னும் முடியலையா டீச்சர்? நீளமா இருக்கே?"

நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"லீவெல்லாம் இல்ல டீச்சர். அந்த வேலைய விட்டுட்டா" என்றாள் அம்மா. வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அது. "தனியா எழுதறா. பக்கத்துக்கு ஐயாயிரம்."

நான் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை முயன்றும் எனக்கு வராத குரல். ஒரு இடத்திலும் இறங்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயாயிரமா! அடேயப்பா" என்றார் அந்த டீச்சர். என் பக்கம் திரும்பினார். "எங்க மருமகன் ஜிம் ஒண்ணு தொடங்கியிருக்காரும்மா. அதுக்கு எழுதணும்னு சொல்லிட்டிருந்தார். நம்ம கோயில் ஆளுங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுப் பண்ணித் தருவல்ல?"

என் வாய் தானாகத் திறந்தது. "அதுக்கென்ன டீச்சர், நாலு..."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"குறைக்க மாட்டா" என்றாள்.